விட்னியின் புகழும் ஹாலின் கேஜ்களும்

அமெரிக்காவில் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல், வீட்டிலேயே மறுபடி நிரப்பிப் பயன்படுத்துபவர்கள் ஏராளம். அவர்கள் மேசையில் அழுத்தும் கருவி, சின்னத் தராசு இவற்றோடு துளை போட்ட ஒரு எஃகு உருளையும் இருக்கும். தோட்டா அந்தத் துளைக்குள் சரியாக உட்கார்ந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒதுக்கிவிட வேண்டும். இதுதான் கேஜ்.

எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்த துப்பாக்கிக்கு, யாரோ ஒருவர் வீட்டில் நிரப்பிய தோட்டா எப்படிப் பொருந்துகிறது? இந்தக் கேள்விக்குப் பின்னால் 200 ஆண்டுக் கதை இருக்கிறது. அதில் புகழ் ஒருவருக்குப் போனது, உழைப்பு இன்னொருவருடையது!

பழைய முறை

18ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு துப்பாக்கியும் தனித்தனிப் பிறவி. கொல்லர் அரத்தால் ராவி ராவி ஒவ்வொரு பாகத்தையும் பக்கத்துப் பாகத்தோடு பொருத்துவார். ஒன்றின் திருகு இன்னொன்றில் சேராது. போர்க்களத்தில் சிறு பாகம் உடைந்தாலும் அதற்கென்று ஒரு கொல்லர் வேண்டும்.

இதை மாற்ற முயன்றவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டு ஒனோரே பிளாங். 1785ல் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அவரது பட்டறைக்குப் போனார். குவியலிலிருந்து கைக்கு வந்த பாகங்களை எடுத்துத் தானே விசைப்பொறிகளைப் பூட்டிப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. வியந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார்.

விட்னியின் வாக்குறுதி

1798ல் எலி விட்னி 10,000 துப்பாக்கிகளை ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் தருவதாக அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்டார். 1801ல் வாஷிங்டனில் தலைவர்கள் முன்னிலையில் பாகங்களை மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டினார். பாடப் புத்தகங்கள் அவரையே இந்த முறையின் தந்தை என்று எழுதின.

ஆனால் துப்பாக்கிகள் முழுவதும் வந்து சேர்ந்தது 1809ல்தான். 1960ல் ராபர்ட் வுட்பரி என்ற வரலாற்றாசிரியர் இந்தக் கதையையே கேள்விக்கு உள்ளாக்கினார். மிஞ்சியிருந்த விட்னி துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தபோது பல பாகங்கள் மாறிப் பொருந்தவில்லை.

ஹால் செய்தது

உண்மையில் சாதித்தவர் ஜான் ஹால். 1819ல் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி அரசு ஆயுதச் சாலையில் 1,000 ரைஃபிள் செய்ய ஒப்பந்தம் பெற்றார். முடிக்கச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆயின. காரணம், துப்பாக்கிக்கு முன்பு அதைச் செய்யும் இயந்திரங்களையும் அளக்கும் கேஜ்களையும் அவர் செய்ய வேண்டியிருந்தது. ஒரு ரைஃபிளுக்கு மட்டும் 63 கேஜ்கள்!

அவர் முறையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, கேஜ்கள் மூன்று அடுக்கு. தொழிலாளிக்கு ஒன்று, பரிசோதகருக்கு ஒன்று, இவை தேய்ந்துவிட்டனவா என்று சரிபார்க்கப் பத்திரமாக வைத்த மூலக் கேஜ் ஒன்று. இரண்டாவது, ஒரு பாகத்தின் எல்லா அளவுகளையும் ஒரே புள்ளியிலிருந்து எடுப்பது. ஒவ்வொரு அளவையும் முந்தைய அளவிலிருந்து எடுத்தால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிடும் அல்லவா?

1826ல் அரசுக் குழு ஒன்று வந்து ரைஃபிள்களைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டிப் பார்த்தது. எல்லாம் பொருந்தின. 1834 வாக்கில் கனெக்டிகட்டில் சிமியன் நார்த் செய்த ரைஃபிள் பாகங்களும் ஹாலின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தின. இரண்டு ஊர், இரண்டு பட்டறை, ஒரே அளவு!

யார் கொடுத்த விலை?

இது செலவைக் குறைக்க வந்த முறை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் நடந்தது நேர்மாறு. இயந்திரத்துக்கும் கேஜுக்கும் பணம் கொட்ட வேண்டியிருந்தது. லாபம் பார்க்கும் எந்த வியாபாரியும் இத்தனை ஆண்டுகள் காத்திருக்க மாட்டார். போர்க்களத்தில் பழுது பார்ப்பது எளிதாக வேண்டும் என்று விரும்பிய ராணுவம்தான் வாங்குபவர். அதனால்தான் பணம் நிற்கவில்லை. அதன் பலன் பிறகு தையல் இயந்திரம், சைக்கிள், மோட்டார் கார் என்று எல்லாத் தொழிலுக்கும் பரவியது.

இன்னொரு விலையும் உண்டு. கேஜ் வந்த பிறகு "சரியா, தப்பா" என்று சொல்வது கொல்லரின் கண் அல்ல, ஒரு இரும்புத் துண்டு. கூடவே கடிகாரமும் வந்தது. 1842ல் ராணுவ அதிகாரிகள் நேரக் கட்டுப்பாட்டை இறுக்கியபோது, ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, படகு பிடித்து வாஷிங்டன் போய் ஜனாதிபதி டைலரிடமே முறையிட்டார்கள். பலன் ஒன்றும் இல்லை.

ஹால் 1841ல் இறந்தார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மேடையில் காட்டிய விட்னி பாடப் புத்தகத்தில் இருக்கிறார். அளந்து அளந்து செய்த ஹால், தோட்டா நிரப்புபவரின் மேசையில் இருக்கும் அந்தச் சின்ன எஃகு உருளையில் இருக்கிறார்.