மொட்டை டயரும் கிழட்டு டயரும்

அம்பத்தூர் வழியாக ஆவடிக்குப் போகும் பஸ்ஸில் "டன்லப் இறங்கு!" என்ற குரலைக் கேட்கலாம். இறங்கிப் பார்த்தால் டயர் கிடைக்காது. 1959-ல் அங்கே தொடங்கிய டயர்த் தொழிற்சாலை, பல தடவை மூடித் திறந்து, கடைசியில் மூடியே போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நான் பழைய கார் ஒன்று வாங்கிய புதிதில், பூந்தமல்லியைத் தாண்டியதும் பின்சக்கரம் வெடித்தது. நல்ல வேளை, வேகம் இல்லை. டயரில் பட்டன் தேயவேயில்லை. அதைப் பார்த்துத்தான் வண்டியையே வாங்கினேன்! பஞ்சர் கடைக்காரர் டயரின் பக்கவாட்டைத் துடைத்து ஒரு நீள்வட்டத்தைக் காட்டினார். அதில் 1213 என்று இருந்தது.

"2013-ஆம் வருஷம், பன்னிரண்டாவது வாரம் பிறந்தது சார். பதினோரு வயசு. மொட்டையானால்தான் மாத்தணும்னு யார் சார் சொன்னது?"

யார் சொன்னது? என் ஊகம், யுத்தம்தான். பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியராயிருந்த டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தது 1888-ல். பிறகு உலகத்து மோட்டார்களெல்லாம் மலாயா ரப்பரை நம்பி ஓடின. அந்த ரப்பரில் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். 1942-ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் டயருக்குப் பஞ்சம் வந்துவிட்டது. சென்னையில் பஸ்கள் கரி வாயுவில் ஓடிய காலம் அது. டயர் என்றால் நூல் தெரியும்வரை ஓட்ட வேண்டும் என்பது அப்போது பழகிய பழக்கம்.

யுத்தம் முடிந்த பின்னும் பழக்கம் போகவில்லை. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை, 1952-ல் டயருக்கு மேல்பட்டை ஒட்டும் ரப்பரில் இறங்கினார். அது நன்றாக ஓடியது என்றால், தேய்ந்த டயரை எறிய மனமில்லாதவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? எம்.ஆர்.எஃப். சொந்தமாக டயர் செய்தது 1960-க்குப் பிறகுதான்.

லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரீட்ரெடிங் இன்றும் நியாயமான காரியமே. உள்ளே கட்டு உறுதியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். காருக்குக் கணக்கு வேறு. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றவேண்டும். அதைக் காட்டவே பள்ளத்துக்குள் சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். பட்டன் அவற்றோடு சமமானால் ஆயுள் தீர்ந்தது. ஆனால் வெயிலும் காற்றும், நிறுத்தி வைத்த வண்டியின் ரப்பரையும் விடுவதில்லை. அது விறைத்து வெடிப்பு விடும். பத்து வருஷமானால், பட்டன் எப்படியிருந்தாலும் மாற்றிவிடச் சொல்கிறார்கள், தயாரிப்பவர்கள்.

"அகலமான டயர் அழகாயிருக்குமே" என்றேன்.

"கார்க் கம்பெனி கதவோரத்தில் ஒட்டின சீட்டைப் பாருங்க சார். அதே அளவு, பாரத்துக்குப் போட்ட எண் அதுக்குக் குறையக்கூடாது. அழகு அப்புறம்."

இரண்டு புதிய டயர் வாங்கினேன். இரண்டையும் பின்னால் மாட்டினார். பழையவற்றைப் பற்றிக் கேட்டேன். காசிமேட்டுப் படகுக்காரர் ஒருவர் சொல்லி வைத்திருக்கிறாராம், படகின் விலாவில் கட்டித் தொங்கவிட.