கண்ணாடிக்கு மேலே இரண்டு சாம்பியன்கள்

முகமும் விலையும் – 14

பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சலூன் இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் உட்கார வைத்து முடி வெட்டும் வயது எனக்கு. “குனிடா தம்பி” என்று பிடரியில் ஒரு தட்டு தட்டுவார் கடைக்கார அண்ணன். குனிந்த தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து பழைய இடத்துக்கே போய்விடும். கண்ணாடிக்கு மேலே, பேப்பரிலிருந்து வெட்டி மைதாப் பசையில் ஒட்டிய ஒரு படம்.

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக எம்.ஜி.ஆர். பக்கத்தில், அவரையே சின்னப் பையனாக்கிவிடும் உயரத்தில் ஒரு கறுப்பு மனிதர். படத்தின் கீழ் ஓரம் கிழிந்திருந்தது. கிழிசலை மறைக்க அண்ணன் ஒரு பிளேடு பாக்கெட்டின் அட்டையை ஒட்டி வைத்திருந்தார்.

“யாருண்ணா அது?”

“குத்துச்சண்டைக்காரரு. உலகத்துலயே பெரிய ஆளு. நம்ம வாத்தியாரப் பாக்கணும்னே மெட்ராஸ் வந்தாரு.”

அண்ணனின் வரலாறு பாதி சரி. முகமது அலி மெட்ராஸ் வந்தது உண்மை. எம்.ஜி.ஆர். அவரைச் சந்தித்ததும் உண்மை. வந்த காரணம்தான் வேறு. பிளேடு அட்டையைப் பார்த்துவிட்டு, அந்த மனிதர் அந்த பிளேடில்தான் முகம் மழிக்கிறார் என்று நாங்கள் பையன்கள் முடிவு கட்டியிருந்தோம். அலி சம்பளம் வாங்காமல் நடித்த ஒரே விளம்பரம் எங்கள் ஊரில்தான் ஓடியிருக்க வேண்டும்.

போன வாரம் வடசென்னைப் பரம்பரைகளைப் பற்றி எழுதினேன். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’க்கு நோட்டீஸ் அடித்து, கொட்டகை போட்டு, டிக்கெட் விற்ற காலம். அந்த ஊருக்குத்தான் 1980 தொடக்கத்தில் அலி வந்து இறங்கினார். பொம்மிடியில் ராத்திரி ரயில் ஏறி விடியற்காலை சென்ட்ரலில் இறங்குகிறவனுக்கு நேரு ஸ்டேடியம் நடந்து போகிற தூரம். அங்கேதான் மேடை போட்டார்கள். ராயபுரத்திலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் ஜனம் திரண்டது. அலி மோதியது ஜிம்மி எல்லிஸோடு. அது நிஜச் சண்டை இல்லை, காட்சிச் சண்டை.

இந்த எல்லிஸ் யார் என்று தெரிந்தால் அந்த மேடையின் விசித்திரம் புரியும். அலியின் சொந்த ஊரான லூயிவிலைச் சேர்ந்தவர், சின்ன வயதிலிருந்தே நண்பர். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் அலி மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய பட்டத்துக்குப் போட்டி வைத்தபோது, உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டத்தை 1968-இல் ஜெயித்தவர் இதே எல்லிஸ். 1971-இல் அலி அவரை அடித்து வீழ்த்தினார். பிறகு இருவரும் ஊர் ஊராகப் போய் விளையாட்டாகக் குத்திக்கொண்டார்கள். நண்பன் பறிகொடுத்ததை நண்பன் எடுத்துக்கொண்டதில் இரண்டு பேருக்கும் வன்மம் இல்லை. பறித்தது அரசாங்கமும் சங்கங்களும்தானே.

அந்தப் பேப்பர் படத்தை இன்று நினைத்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. படத்தில் நிற்கிற இருவருக்குமே அது நல்ல நேரம் இல்லை. அந்த ஜனவரி மக்களவைத் தேர்தலில் எம்.ஜி.ஆர். கட்சிக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் கிடைத்தவை இரண்டே இரண்டு. பிப்ரவரி 17 அன்று அவருடைய ஆட்சியே கலைக்கப்பட்டது. அலிக்கு 38 வயது தொடங்கியிருந்தது. முந்தைய ஆண்டுதான் ஓய்வு அறிவித்திருந்தார். இடுப்பில் சதை போட்டுவிட்டது. இருவரும் அதே ஆண்டில் மறுபடியும் களம் இறங்கினார்கள். மே மாதத் தேர்தலில் ஜெயித்து எம்.ஜி.ஆர். கோட்டைக்குத் திரும்பினார். அக்டோபர் 2 அன்று லாஸ் வேகஸில் லாரி ஹோம்ஸிடம் அலி வாங்கிய அடியைப் பார்க்கச் சகிக்காமல், பத்தாவது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார்.

அந்த இந்தியப் பயணத்தின் நடுவில்தான் வாஷிங்டனிலிருந்து சேதி வந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மாஸ்கோ ஒலிம்பிக்ஸைப் புறக்கணிக்க வேண்டும், ஆப்பிரிக்க நாடுகளை நீங்கள் போய்ச் சம்மதிக்க வையுங்கள் என்று ஜிம்மி கார்ட்டர் கேட்டுக்கொண்டார். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் தேசத்துரோகி என்று பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட அதே அரசாங்கம், இப்போது தூதராகப் போகச் சொல்லித் தன் விமானத்தை அனுப்பியது. அலி சம்மதித்தார். முதலில் தான்சானியா. அதிபர் நைரேரே அவரைப் பார்க்கவே மறுத்துவிட்டார். ஒரு குத்துச்சண்டை வீரரை அனுப்பித் தங்களைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார்களே என்பது அவமானமாகப் பட்டது. 1976-இல் தென்னாப்பிரிக்கப் பிரச்சினைக்காக ஆப்பிரிக்க நாடுகள் மாண்ட்ரியலைப் புறக்கணித்தபோது அமெரிக்கா எங்கே போயிருந்தது என்று நிருபர்கள் கேட்டார்கள். அலியிடம் பதில் இல்லை. இந்த விவரமெல்லாம் தெரிந்திருந்தால் வந்திருக்கமாட்டேன் என்கிற தொனியில் பேசினார். கென்யா, நைஜீரியா, லைபீரியா, செனகல் என்று பயணம் தொடர்ந்தது. கென்யா ஏற்கெனவே புறக்கணிப்பதாகச் சொல்லியிருந்த நாடு. நைஜீரியா மசியவில்லை.

அலி போகாதீர்கள் என்று பிரச்சாரம் செய்த அந்த மாஸ்கோவில்தான் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. ஹாக்கியில் இன்றுவரை நமக்கு அதுவே கடைசி ஒலிம்பிக் தங்கம். அலியின் தூது பலித்து இந்தியாவும் போகாமல் இருந்திருந்தால்? சரி, அது இந்தத் தொடருக்கு வெளியே.

விலைக்கு வருவோம். 1960-இல் ரோம் நகரில் தங்கம் வாங்கித் திரும்பிய 18 வயதுப் பையனின் முகத்துக்கு முதலில் விலை சொன்னவர்கள் லூயிவில் பணக்காரர்கள். பதினொரு பேர், அத்தனை பேரும் வெள்ளையர்கள். கையெழுத்துப் போட 10,000 டாலர், வருகிற வருமானத்தில் பாதிக்குப் பாதி. அந்தக் காலத்தில் குத்துச்சண்டையை நடத்திய ரவுடிக் கும்பல்களோடு ஒப்பிட்டால் இது மரியாதையான ஒப்பந்தம். பையன் வாய் ஓயாதவன், தன்னைத் தானே அழகன் என்று சொல்லிக்கொள்கிறவன். விளம்பரக் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் 1964-இல் காஷியஸ் கிளே என்ற பெயரை உதறி முகமது அலி ஆனதும் பாதிக் கதவுகள் சாத்திக்கொண்டன. ராணுவத்துக்குப் போக மறுத்ததும் மீதிப் பாதி. ஐந்து வருஷச் சிறைத் தண்டனை, 10,000 டாலர் அபராதம். மேல்முறையீடு இருந்ததால் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். மூன்றரை வருஷம் மேடை ஏற விடவில்லை. கல்லூரி கல்லூரியாகப் பேசிச் சம்பாதித்தார், பிராட்வேயில் ஓர் இசை நாடகத்தில்கூட நடித்தார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அதன் பிறகு பொம்மை வந்தது, சூப்பர்மேனோடு மோதும் காமிக்ஸ் வந்தது. 1980 வாக்கில் அவர் நடித்த ஒரு டி.வி. விளம்பரம் கரப்பான்பூச்சி மருந்துக்கு. உலகமே அறிந்த முகத்துக்குக் கிடைத்தது சமையலறை மூலை.

பெரிய பணம் எப்போது வந்தது என்று பாருங்கள். 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். பேச்சு குழறியது, பிறகு தேய்ந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் நடுங்கும் கையால் அவர் ஜோதி ஏற்றினார். நாடே கண் கலங்கியது. 1999-இல் அமெரிக்க வீடுகளில் காலை உணவாகச் சாப்பிடும் வீட்டீஸ் கோதுமை அவல் அட்டைப்பெட்டியில் அவர் படம் வந்தது. விளையாட்டு வீரருக்கு அந்த நாட்டில் அது ஒரு பட்டாபிஷேகம் மாதிரி. 2006-இல் சி.கே.எக்ஸ். என்ற நிறுவனம் அவருடைய பெயர், முகம் இரண்டின் வணிக உரிமையில் 80 சதவீதத்தை 5 கோடி டாலருக்கு வாங்கியது. வாயாடியாக இருந்தவரை துரோகி, வாய் ஓய்ந்ததும் தேசத்தின் பொக்கிஷம். இத்தனைக்கும் போருக்குப் போக மறுத்த முடிவை அவர் கைவிடவில்லை. இனி புதிதாக எதையும் சொல்லிவிடமாட்டார் என்ற நிம்மதிக்குத்தான் அந்த 5 கோடி என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கம் இந்தக் கதை வேறு மாதிரி. வடசென்னை வீரனுக்குக் கிடைத்தது கை நிறையச் சில்லறை, கழுத்தில் மாலை, தோளில் துண்டு. அந்தத் துண்டில் கட்சிக் கரை இருக்கும். விளம்பரக் கம்பெனி வராத இடத்தில் கட்சி வந்தது. முகத்தைக் கொடுக்கிற ஏற்பாடு ஒன்றுதான், காசோலை மட்டும் இல்லை. அதே சென்னையிலிருந்து வி.தேவராஜன் 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் போனார், 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். அர்ஜுனா விருது கொடுத்தார்கள். ஒரு சோப்பு, ஒரு பனியன், ஒரு சத்துமாவு டப்பாவில் அவர் முகத்தைப் பார்த்ததாக உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. எங்கள் சலூன் கண்ணாடிக்கு மேலேயும் அவர் ஏறவில்லை.

1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் டிங்கோ சிங் தங்கம் வாங்கினார். முதலில் அவரை அணியிலேயே சேர்க்கவில்லை என்பது தனிக் கதை. அவரைப் பார்த்துக் கையுறை மாட்டியவர் மேரி கோம். 2010-க்குள் ஐந்து உலகப் பட்டங்கள். விளம்பர உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 2012-இல் பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்ஸில் முதல்முறை சேர்க்கப்பட்டது. தன் எடைப் பிரிவு அங்கே இல்லாததால் 51 கிலோவுக்கு ஏறி மோதி, லண்டனில் வெண்கலம் வாங்கினார். ஐந்து தங்கத்துக்கு வராத கம்பெனிகள் அந்த ஒரு வெண்கலத்துக்கு வந்தன. ஒலிம்பிக் மேடையில் மூவர்ணக் கொடி ஏறியதால்தான் வந்தன. 2014-இல் அவர் வாழ்க்கை இந்திப் படமானது. நடித்தவர் பிரியங்கா சோப்ரா. மணிப்பூர் முகத்துக்கு மணிப்பூர்ப் பெண் கிடைக்கவில்லையா என்று வடகிழக்கில் கேட்டார்கள். இதைவிடப் பெரிய வேடிக்கை, தீவிரவாத அமைப்புகள் 2000-லிருந்து இந்திப் படங்களுக்குத் தடை போட்டிருந்ததால், மேரி கோம் கதை அவருடைய சொந்த மாநிலத்துத் தியேட்டர்களில் ஓடவில்லை. தேசத்தின் பெருமை, ஊரைத் தவிர எல்லா இடத்திலும் ரிலீஸ்.

விஜேந்தர் சிங்குக்கு முகம் வாய்த்தது. ஹரியானாவில் பிவானி பக்கத்துக் கிராமம், அப்பா அரசு பஸ் டிரைவர். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம், குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். ஃபேஷன் ஷோவில் நடந்தார், சினிமாவில் நடித்தார், 2015-இல் தொழில்முறைச் சண்டைக்குப் போனார். 2017 ஆகஸ்ட் 5 அன்று மும்பையில் சீன வீரர் மைமைதியாலியோடு மோதல். எல்லையில் டோக்லாமில் இரண்டு நாட்டு ராணுவமும் முறைத்துக்கொண்டு நின்ற நேரம். டிக்கெட்டையும் டி.வி. விளம்பர நேரத்தையும் விற்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? இந்தியாவா சீனாவா என்றே பேச்சு. விஜேந்தர் ஜெயித்தார். மேடையிலேயே மைக்கைப் பிடித்து, எல்லையில் அமைதி வேண்டும், இந்தப் பட்டத்தை மைமைதியாலியிடமே திருப்பிக் கொடுக்கத் தயார் என்றார். விற்று முடித்த பொருளைக் கடைக்காரர் கண்ணெதிரே பிரித்துக் காட்டின மாதிரி இருந்தது. 2020 டிசம்பரில் டெல்லி எல்லையில் விவசாயிகளோடு உட்கார்ந்து, கேல் ரத்னா விருதைத் திருப்பிக் கொடுப்பேன் என்றும் சொன்னார். பிறகு எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்குப் போனார் என்பதை நீங்கள் செய்தியில் படித்திருப்பீர்கள்.

இந்த அத்தியாயத்துக்காகப் போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சேர்வராயன் மலை அதே இடத்தில் இருக்கிறது, சலூன்தான் ஏ.சி. போட்டுக்கொண்டது. பழைய அண்ணன் இல்லை, மகன் கடையைப் பார்க்கிறார். சுவர் முழுக்கக் கிரிக்கெட் வீரர்கள். ஆளுக்கொரு கையில் ஹேர் ஜெல், தாடி எண்ணெய், ஷாம்பு.

“இங்க கண்ணாடிக்கு மேல ஒரு பழைய படம் இருக்குமே, எம்.ஜி.ஆரோட ஒருத்தர் நிக்கற மாதிரி?”

கத்தரிக்கோலை நிறுத்தி யோசித்தார்.

“ஆமாண்ணா, அப்பா வச்சிருந்தாரு. பெயிண்ட் அடிக்கறப்ப வாத்தியாரு படத்த மட்டும் வெட்டி எடுத்து வீட்டுல ஃபிரேம் போட்டுட்டாரு. பக்கத்துல நிப்பாரே, அந்த பிளேடு கம்பெனிக்காரரு, அது கிழிஞ்சு போச்சுங்கண்ணா.”

(தொடரும்)