முப்பது பவுண்டு கூலியும் ஒரு பாட்டின் பங்கும்

நம் குடியிருப்பில் பிள்ளைகள் சிலர் போட்டுக்கொள்ளும் கறுப்பு டீ-ஷர்ட் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு முக்கோணம். ஒரு பக்கம் வெள்ளைக் கோடாக வெளிச்சம் நுழைகிறது, மறுபக்கம் வண்ணங்களாகப் பிரிந்து வெளியே போகிறது. ஏதோ இயற்பியல் பாடப் படம் என்று பெரியவர்கள் பலர் நினைக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் ஆறு நிறங்கள்தான் இருக்கும், ஏழு இருக்காது. அது 1973 மார்ச்சில் வெளிவந்த ஓர் ஆங்கில இசைத்தட்டின் அட்டைப்படம். குழுவின் பெயர் பிங்க் ஃபிளாய்ட். தட்டின் பெயர் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்', அதாவது நிலவின் இருண்ட பக்கம்.

இந்தத் தட்டு உலகம் முழுக்க நாலரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1973 முதல் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் இடம்பிடித்திருந்தது. 52-ஆல் வகுத்துப் பாருங்கள், பதினான்கு வருடங்களுக்கு மேல் வருகிறது. இதே தட்டில் ஐந்தாவதாக வரும் பாட்டைப் பாடிய பெண்ணுக்குக் கிடைத்த மொத்தக் கூலி 30 பவுண்டு. அந்த 30 பவுண்டின் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். நான் இசை படித்தவனில்லை. பி.காம். படித்து, வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். எனவே கணக்கு வழியாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம். 1960-களின் நடுப்பகுதி வரை பாப் இசை என்றால் மூன்று நிமிடப் பாட்டு, சிறிய தட்டு. பெரிய எல்.பி. தட்டில் பக்கத்துக்கு இருபது நிமிடம் இடம் இருந்தும், அதில் துண்டுப் பாட்டுகளையே வரிசையாக அடுக்கினார்கள். பீட்டில்ஸின் 1967-ஆம் ஆண்டுத் தட்டுக்குப் பிறகு, முழுத் தட்டையும் ஒரே படைப்பாக நினைக்கும் வழக்கம் பிரிட்டனில் வேகமாகப் பரவியது. 1969-இல் கிங் கிரிம்சன் என்ற குழுவின் முதல் தட்டு வந்தது. அடுத்து யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர், ஜெத்ரோ டல் என்று வரிசையாக வந்தார்கள். ஜெத்ரோ டல் குழு 1972-இல் ஒரே பாட்டை எல்.பி.யின் இரண்டு பக்கமும் ஓடவிட்டது. எமர்சன் குழு ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் பியானோ இசையை ராக் கருவிகளில் வாசித்தது. இந்தப் போக்குக்கு 'புரோகிரசிவ் ராக்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய கம்பெனிகளும் இதற்கென்றே தனிப் பெயரில் கடை திறந்தன. இ.எம்.ஐ. நிறுவனம் 'ஹார்வெஸ்ட்' என்றும், பிலிப்ஸ் நிறுவனம் 'வெர்டிகோ' என்றும் தொடங்கின.

இந்த இசையின் முக்கியமான குணம், அதில் பெரும்பகுதி காகிதத்தில் எழுதப்படாமல் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே உருவானதுதான். பதினாறு தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்து, பிறகு சேர்ப்பார்கள். பிங்க் ஃபிளாய்டின் இந்தத் தட்டில் 'மணி', அதாவது பணம், என்று ஒரு பாட்டு உண்டு. நாணயம் குலுங்கும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டி மணியடிக்கும் சத்தம் என்று தனித்தனியாகப் பதிவு செய்து, நாடாவை அளந்து வெட்டி ஒட்டி, ஏழு எண்ணிக்கையில் சுழலவிட்டிருக்கிறார்கள். நம் மிஸ்ர சாபு போல ஏழு. வங்கிக் கவுண்டரில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே பிடிபடும்.

இப்படிக் கூடத்தில் பலர் சேர்ந்து உருவாக்கும் ஒன்றுக்கு 'இயற்றியவர்' யார்? இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது.

இசைத்தட்டு வியாபாரத்தில் பணம் இரண்டு வழியில் போகும். முதலாவது கூலி. குழுவில் இல்லாத ஒருவர் வந்து வாசித்தாலோ பாடினாலோ, அன்றைக்குப் பேசிய தொகையைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக் கணக்கை முடித்துவிடுவார்கள். தட்டு ஒரு கோடி விற்றாலும் நூறே விற்றாலும் அந்தத் தொகை மாறாது. இரண்டாவது உரிமைத்தொகை. பாட்டை இயற்றியவர் என்று யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு ஒவ்வொரு தட்டுக்கும் பங்கு உண்டு. வானொலியில் ஒலிபரப்பினாலும், விளம்பரத்தில் போட்டாலும் பங்கு உண்டு. அவர் இறந்த பிறகும் பல வருடங்களுக்கு வாரிசுகளுக்கு வரும். நம் மொழியில் சொன்னால், முதலாவது தினக்கூலி, இரண்டாவது நிலத்தில் பங்கு.

1973 ஜனவரியில் தட்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. லண்டன் ஆபி ரோடு கூடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் பியானோவில் ஓர் இசைத்தொடர் அமைத்திருந்தார். சாவைப் பற்றிய பகுதி அது. அதன் மேல் ஏதோ ஒன்று வேண்டும் என்று தோன்றியது, என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ், தனக்குத் தெரிந்த கிளேர் டோரி என்ற பாடகியைக் கூப்பிடலாம் என்றார். அவருக்கு அப்போது வயது 25. கூடம் கூடமாகப் போய்க் கூலிக்குப் பாடுகிறவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பாட்டுக்கு வரி இல்லை, மெட்டும் இல்லை, சாவைப் பற்றியது என்று மட்டும் சொன்னார்கள். முதலில் வழக்கமான பாப் பாணியில் ஏதோ வார்த்தை போட்டுப் பாடிப் பார்த்தார். வார்த்தை வேண்டாம் என்றார்கள். தன் குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடினார். இரண்டு மூன்று முறை பாடியதில் வேலை முடிந்தது. அதிகமாகக் கத்திவிட்டோமோ என்ற கூச்சத்தோடுதான் வெளியே போனார். தன் பாட்டைத் தட்டில் சேர்த்திருக்கிறார்கள் என்பது கடையில் தட்டைப் பார்த்த பிறகே அவருக்குத் தெரிந்தது.

அந்தப் பாட்டுதான் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. கேட்டவர்களுக்குத் தெரியும், கேட்காதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: அது ஓர் ஆலாபனை. கீர்த்தனை தியாகராஜருடையது என்றால், அதற்கு முன் பாடும் ஆலாபனை பாடுகிறவருடையது. ராகம் பொதுச்சொத்து என்றாலும், அன்றைக்கு அந்தக் குரல் போட்ட பாதையை வேறு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கிளேர் டோரிக்கும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அட்டையில் 'குரல்: கிளேர் டோரி' என்று வந்தது, 'இயற்றியவர்: ரைட்' என்று வந்தது.

30 பவுண்டு குறைந்த கூலியா? அப்படிச் சொல்ல முடியாது. வழக்கமான கூலி 15 பவுண்டு, ஞாயிறு என்பதால் இரட்டிப்பு. இந்தத் தட்டைப் பதிவு செய்த ஆலன் பார்சன்ஸுக்கே அப்போது வாரச் சம்பளம் 35 பவுண்டுதான். ஒரு நாளில் சில மணி நேரப் பாட்டுக்கு 30 பவுண்டு என்பது நியாயமான கூலியே. பாடுவதற்கு உரிய பணம் கொடுத்தாகிவிட்டது. இயற்றியதற்கு உரிய பணம் எந்தத் தலைப்பிலும் பதிவாகவில்லை. வவுச்சர் சரி, பேரேட்டில் ஒரு கணக்கே விட்டுப்போயிருக்கிறது.

எவ்வளவு விட்டுப்போயிருக்கும்? ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பிரிட்டனின் 1956-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், இயற்றியவர் தரப்புக்குச் சில்லறை விலையில் 6¼ சதவீதம் என்று வைத்திருந்தது. ஒரு தட்டு 2 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 12½ பென்ஸ். தட்டில் 10 பகுதிகள். சமமாகப் பிரித்தால் ஒரு பகுதிக்கு 1¼ பென்ஸ். அதில் பாதி ரைட்டுக்கு, பாதி டோரிக்கு என்றால் தட்டுக்கு 0.625 பென்ஸ். அதாவது 4,800 தட்டுகள் விற்றாலே 30 பவுண்டு வந்துவிடும். பத்து லட்சம் தட்டுகளுக்கு 6,250 பவுண்டு. வெளியீட்டாளர் பங்கைக் கழித்தாலும், நாடு நாடாக விகிதம் மாறினாலும், எந்தப் பக்கம் கூட்டினாலும் 30 பவுண்டு எங்கோ அடியில் நிற்கிறது.

இதே தட்டின் முதல் பகுதியையும் பாருங்கள். இதயத்துடிப்பு, கடிகாரம், கல்லாப்பெட்டி என்று ஒலிகளைக் கோத்த சிறு துண்டு அது. அதை இயற்றியவராக டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் பெயர் மட்டும் இருக்கிறது. அதை நட்புக்காக விட்டுக்கொடுத்ததாகக் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் பின்னாளில் சொன்னார். உள்ளே இருப்பவருக்கு நட்பின் பேரில் பங்கு கிடைக்கும். வெளியிலிருந்து வந்தவருக்கு வவுச்சர் கிடைக்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. வழக்கம் அப்படி இருந்தது.

வேறு வழியும் இருந்தது. ஜெனிசிஸ் குழு 1971 முதல் 1974 வரை வெளியிட்ட தட்டுகளில், யார் எந்த மெட்டைப் போட்டாலும் ஐந்து பேர் பெயரையும் போட்டார்கள். 1972-இல் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' தட்டில் ஸ்டீவ் ஹாக்கெட் தனியாகக் கிட்டார் வாசிக்கும் ஒரு சிறு இசை உண்டு. அதுகூட ஐந்து பேர் பெயரில்தான் வந்தது. வணிகவியல் படித்தவர்களுக்குப் பங்குதாரர் சட்டம் நினைவு வரும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சமபங்கு என்று பிரிட்டனின் 1890-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது, அதன் வழியில் வந்த நமது 1932-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. ஆனால் 1976-இல் ஜெனிசிஸும் பாட்டுக்குப் பாட்டு தனித்தனிப் பெயர் போட ஆரம்பித்துவிட்டது. சமபங்கு நெடுநாள் நிற்பது கஷ்டம்தான்.

கிளேர் டோரி 31 வருடம் கழித்து, 2004-இல், பிங்க் ஃபிளாய்ட் மீதும் இ.எம்.ஐ. மீதும் வழக்குப் போட்டார். பாட்டில் தானும் இயற்றியவர் என்பதே அவர் கோரிக்கை. 2005-இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. தொகை வெளியிடப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் ரைட்டின் பெயரோடு, குரலிசையை இயற்றியவர் கிளேர் டோரி என்றும் அச்சாகிறது.

வங்கியில் இருந்தவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். புரோநோட்டுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். காலாவதி ஆகாமல் இருக்கக் கடன்காரரிடம் ஓடி ஓடிக் கையெழுத்து வாங்குவோம். முப்பது வருடம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டால் செல்லுமா? டோரியின் வழக்கு தீர்ப்பு வரை போகாததால் அதில் பதில் கிடைக்கவில்லை. வேறொரு வழக்கில் கிடைத்தது. புரோகால் ஹாரம் என்ற குழு 1967-இல் வெளியிட்ட 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டு, புரோகிரசிவ் ராக்கின் முன்னோடிகளில் ஒன்று. கேட்டவர்கள் மறக்காதது அதன் ஆர்கன் இசை. அதை அமைத்து வாசித்தவர் மாத்யூ ஃபிஷர். ஆனால் பாட்டு கேரி புரூக்கர், கீத் ரீட் இருவர் பெயரில் மட்டும் பதிவாகியிருந்தது. 38 வருடம் கழித்து 2005-இல் ஃபிஷர் வழக்குப் போட்டார். 2006-இல் உயர் நீதிமன்றம் இசையுரிமையில் 40 சதவீதம் அவருக்கு என்றது. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இயற்றியவர்களில் ஒருவர் என்பது சரி, ஆனால் இவ்வளவு தாமதித்ததால் பணம் கிடையாது என்றது. 2009 ஜூலையில் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ஃபிஷர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். இத்தகைய உரிமையைக் கேட்கச் சட்டத்தில் காலவரம்பு இல்லை என்பது அதில் தெளிவானது. பழைய பாக்கி கிடைக்கவில்லை, வழக்குப் போட்ட நாள் முதல் பங்கு கிடைத்தது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பியானோ இசைத்தொடர் ரைட்டுடையது, அது இல்லாமல் குரலுக்கு நிற்க இடமில்லை. பல மாதம் உழைத்தது குழு. தட்டு விற்காமல் போயிருந்தால் டோரி 30 பவுண்டைத் திருப்பித் தந்திருக்கப் போவதில்லை. நஷ்டத்தில் பங்கில்லாதவருக்கு லாபத்தில் ஏன் பங்கு என்று கேட்கலாம். என் கருத்தைக் கேட்டால், லாபநஷ்டம் முதல் போட்டவருக்குப் பொருந்தும் நியாயம். யார் இயற்றினார் என்பது நடந்த விஷயம், அதைத் தட்டு எவ்வளவு விற்றது என்பது மாற்றாது. ரைட்டின் பங்கு எந்த நியாயத்தால் வந்ததோ, அதே நியாயம்தான் டோரிக்கும்.

வீட்டில் பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசியில் இந்தப் பாட்டைப் போட்டுக் கொடுப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கும் குறைவுதான். முதலில் பியானோ, நடுவில் யாரோ பேசுவது லேசாகக் கேட்கும், பிறகு அந்தக் குரல் எழும்பும். கேட்டு முடித்ததும் இயற்றியவர்கள் பெயரையும் திரையில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பெயர் இருக்க வேண்டும்.

— ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர், சி பிளாக்