குவாத்தமாலாவில் மனித உரிமைகளுக்கான பன்னாட்டு ஆதரவு

நடு அமெரிக்காவில் மெக்சிகோவுக்குத் தெற்கே அமைந்த குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர் நீடித்தது. அந்தப் போரின்போதும் அது முடிந்த பின்னரும் அந்நாட்டு மக்களின் உயிரையும் உரிமையையும் காக்க வெளியுலகம் எடுத்த முயற்சிகளே இக்கட்டுரையின் பொருள். ஐக்கிய நாடுகள் அவை, அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம், அண்டை நாடுகள், ஐரோப்பிய அரசுகள், ஆயுதம் ஏந்தாத தன்னார்வலர்கள், தடயவியல் மானிடவியலாளர்கள் எனப் பல தரப்பினர் இதில் பங்கேற்றனர். கண்காணிப்புக் குழு, உண்மை ஆணையம், புதைகுழி அகழ்வு, இனப்படுகொலை வழக்கு, பன்னாட்டு விசாரணை ஆணையம் ஆகிய அனைத்தும் ஒரே நாட்டில் முயன்று பார்க்கப்பட்டது அபூர்வம். அதனால் போரால் சிதைந்த நாடுகளுக்கு எப்படித் துணைநிற்பது என்று ஆராய்வோர் குவாத்தமாலாவை விட்டுவிட்டுப் பேச முடிவதில்லை.

பின்னணி

வெளிநாட்டின் கை இந்த நாட்டில் பட்டது முதலில் கெடுதலாகத்தான். 1944இல் சர்வாதிகாரம் வீழ்ந்தபின் பத்தாண்டுகள் மக்களாட்சி நடந்தது. 1952இல் அதிபர் ஹக்கோபோ ஆர்பென்ஸ் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். அமெரிக்காவின் யுனைட்டெட் ஃப்ரூட் நிறுவனம் தரிசாகப் போட்டிருந்த நிலங்களும் அதன்கீழ் வந்தன. 1954 ஜூனில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஏற்பாட்டில் நடந்த கிளர்ச்சியால் ஆர்பென்ஸ் பதவியிழந்தார். அடுத்தடுத்து வந்த ஆட்சிகள் ராணுவத்தின் பிடியில் இருந்தன. 1960 நவம்பர் 13 அன்று இளம் அதிகாரிகள் சிலர் நடத்திய கலகம் தோற்றது. தப்பியவர்களிலிருந்து கெரில்லா இயக்கம் முளைத்தது.

போரின் கொடிய காலம் 1981 முதல் 1983 வரை. கெரில்லாக்களுக்கு ஆதரவளிப்பதாகச் சொல்லி, மேட்டுநிலங்களில் வாழும் மாயா பழங்குடி மக்களின் கிராமங்களை ராணுவம் ஊரோடு கொளுத்தியது, பயிரை அழித்தது, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது. கிராமத்து ஆண்கள் ‘குடிமக்கள் தற்காப்புப் படை’ என்ற பெயரில் கட்டாயமாகத் திரட்டப்பட்டு, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு எதிராகவே ஏவப்பட்டனர். 1982 மார்ச் 23 அன்று ஆட்சியைப் பிடித்த தளபதி எஃப்ரைன் ரியோஸ் மொன்ட்டின் காலத்தில் இது உச்சத்தைத் தொட்டது.

போர்க்காலத்தில் எழுந்த குரல்கள்

1980 ஜனவரி 31 அன்று, கிச்சே பகுதியில் நடக்கும் அடக்குமுறையை உலகுக்குச் சொல்ல வந்த விவசாயிகள் தலைநகரிலுள்ள ஸ்பெயின் தூதரகத்துக்குள் புகுந்து அமர்ந்தனர். போலீஸ் முற்றுகையிட்டது. கட்டடம் தீப்பற்றி 37 பேர் இறந்தனர். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ரிகோபெர்ட்டா மென்சூவின் தந்தை விசென்தே மென்சூவும் அவர்களில் ஒருவர். ஸ்பெயின் தூதரக உறவை முறித்துக்கொண்டது.

அரசுகளின் நிலைப்பாடு ஒரே சீராக இருக்கவில்லை. 1977இல் கார்ட்டர் அரசின் மனித உரிமை அறிக்கையால் சினந்த குவாத்தமாலா, அமெரிக்காவின் ராணுவ உதவியை வேண்டாமென்றது. ஆனால் 1982 டிசம்பரில் ரியோஸ் மொன்ட்டைச் சந்தித்த அமெரிக்க அதிபர் ரீகன், அவர்மீது வீண்பழி சுமத்தப்படுவதாகப் பொருள்படப் பேசினார். அடுத்த சில நாட்களுக்குள் தோஸ் எர்ரேஸ் கிராமத்தில் ராணுவத்தின் சிறப்புப் படை இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வல்லரசின் ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்கு இது ஆறாத சாட்சி.

அரசுகள் தயங்கிய இடத்துக்குச் சாதாரண மனிதர்கள் வந்தனர். 1984இல் நினெத் மொந்தெனெக்ரோ உள்ளிட்ட பெண்கள், காணாமலாக்கப்பட்ட தங்கள் கணவர்களையும் பிள்ளைகளையும் தேடி ‘பரஸ்பர ஆதரவுக் குழு’வைத் தொடங்கினர். 1985இல் ஒரு வார இடைவெளிக்குள் அக்குழுவின் முன்னோடிகள் இருவர் கொல்லப்பட்டனர். உடனே, 1983 முதல் அங்கு இயங்கிவந்த பன்னாட்டு அமைதிப் படையணி என்ற தன்னார்வ அமைப்பு எஞ்சியிருந்தவர்களுடன் கூடவே இருக்க ஆட்களை அனுப்பியது. செய்முறை எளிது. ஆயுதம் இல்லாத ஒரு வெளிநாட்டவர், குழுவைச் சேர்ந்த பெண் வீட்டைவிட்டு இறங்கும்போது உடன் இறங்குவார்; பேருந்தில் பக்கத்தில் உட்காருவார்; அலுவலகத்தில் கூட்டம் முடியும்வரை வாசலில் காத்திருப்பார். அவர் கண்முன் ஒருவரைக் கடத்தினால் செய்தி உடனே வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் நாடாளுமன்றங்களுக்கும் போகும் என்பது கொலையாளிகளுக்குத் தெரியும். இந்த வழிமுறையைப் பின்னாளில் கொலம்பியாவிலும் இலங்கையிலும் அதே அமைப்பு கையாண்டது.

1992இல் ரிகோபெர்ட்டா மென்சூவுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. போருக்குத் தப்பி மெக்சிகோ அகதி முகாம்களில் வாழ்ந்தவர்களில் முதல் தொகுதியினர் 1993 ஜனவரியில், தாங்களே பேசிப் பெற்ற உடன்பாட்டின்படி, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடும் பன்னாட்டுத் தன்னார்வலர்கள் புடைசூழவும் நாடு திரும்பினர்.

அமைதிப் பேச்சும் மினுகுவாவும்

1990இல் ஒஸ்லோவில் தொடங்கிய பேச்சு, 1994 முதல் ஐ.நா.வின் மத்தியஸ்தத்தில் வேகம் பிடித்தது. கொலம்பியா, மெக்சிகோ, நார்வே, ஸ்பெயின், அமெரிக்கா, வெனிசுவேலா ஆகிய ஆறும் ‘நட்பு நாடுகள்’ குழுவாகத் துணைநின்றன. 1994 மார்ச் 29 அன்று கையெழுத்தான மனித உரிமை உடன்பாட்டுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. போர்நிறுத்தத்துக்குக் காத்திராமல், துப்பாக்கி ஒலித்துக்கொண்டிருந்தபோதே அது நடைமுறைக்கு வந்தது. அதைக் கண்காணிக்க ஐ.நா. பொதுப்பேரவை அனுப்பிய குழுதான் மினுகுவா.

1994 நவம்பரில் பணியைத் தொடங்கிய மினுகுவா, தலைநகரோடு நில்லாமல் மேட்டுநில ஊர்களிலும் அலுவலகம் திறந்தது. அதுவரை புகார் கொடுக்கப் போலீஸ் நிலையம் தவிர வேறிடம் இல்லாத மக்கள், அந்தப் போலீஸ்மீதே புகார் சொல்ல முடிந்தது. குறையும் இருந்தது. 1996இல் அரசுப் படையிடம் பிடிபட்ட கெரில்லா ஒருவர் காணாமலாக்கப்பட்டபோது, அமைதிப் பேச்சு கெட்டுவிடக் கூடாதென்று மினுகுவா வாய்மூடியிருந்ததாகக் கடும் விமர்சனம் எழுந்தது.

1996 டிசம்பர் 29 அன்று இறுதி உடன்பாடு கையெழுத்தானது. ஆயுதக் கையளிப்பை மேற்பார்வையிட 155 ராணுவப் பார்வையாளர்களை அனுப்பும் தீர்மானத்தை 1997 ஜனவரி 10 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் சீனா தன் தடுப்பதிகாரத்தால் வீழ்த்தியது. தைவானுடன் குவாத்தமாலா கொண்டிருந்த உறவே காரணம். பத்து நாளில் சிக்கல் தீர்ந்து தீர்மானம் நிறைவேறியது. சுமார் 3,000 கெரில்லாக்கள் ஆயுதத்தை ஒப்படைத்தனர். மினுகுவா 2004 வரை நாட்டில் இருந்தது. 2005இல் ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையரின் அலுவலகம் அங்கே திறக்கப்பட்டது.

உண்மையைப் பதிவுசெய்தல்

கத்தோலிக்கத் திருச்சபை மாயா மொழிகள் பேசும் உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து வீடுவீடாக வாக்குமூலம் திரட்டியது. அவற்றைத் தொகுத்த அறிக்கையை 1998 ஏப்ரல் 24 அன்று ஆயர் ஹுவான் ஹெரார்தி வெளியிட்டார். இரண்டே நாளில் அவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2001இல் ராணுவத்தினர் மூவரும் ஒரு பாதிரியாரும் தண்டிக்கப்பட்டனர்.

ஐ.நா. துணையுடன் அமைந்த வரலாற்றுத் தெளிவாக்க ஆணையத்துக்கு ஜெர்மானியச் சட்ட அறிஞர் கிறிஸ்டியான் டொமுஷாட் தலைமையேற்றார். மற்ற இருவரும் குவாத்தமாலர்கள். குற்றவாளிகளின் பெயரைக் குறிப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அது பிறந்தது. அப்படியும் 1999 பிப்ரவரி 25 அன்று வெளிவந்த அறிக்கை நாட்டை உலுக்கியது. கொல்லப்பட்டோரும் காணாமலாக்கப்பட்டோரும் இரண்டு லட்சத்துக்கு மேல். அடையாளம் தெரிந்த பலியானோரில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். ஆணையம் பதிவுசெய்த மீறல்களில் 93 விழுக்காடு அரசுப் படைகளையும் அவற்றின் துணைப்படைகளையும், 3 விழுக்காடு கெரில்லாக்களையும் சாரும். 1981க்கும் 1983க்கும் இடையே நான்கு பகுதிகளில் இனப்படுகொலைச் செயல்கள் நடந்தன என்று ஆணையம் முடிவுக்கு வந்தது. அடுத்த மாதம் குவாத்தமாலா வந்த அமெரிக்க அதிபர் கிளின்டன், அடக்குமுறை செய்த படைகளுக்கு அமெரிக்கா ஆதரவளித்தது தவறு என்று வெளிப்படையாக ஏற்றார்.

புதைகுழிகளும் காப்பகமும்

ஆர்ஜென்டினாவில் காணாமலாக்கப்பட்டோரின் எலும்புகளை அடையாளம் காண இளைஞர் குழுவொன்றைப் பழக்கிய அமெரிக்க மானிடவியலாளர் கிளைட் ஸ்நோ, குவாத்தமாலாவிலும் அதே விதையை ஊன்றினார். 1992இல் உருவான அந்த அணி இன்று குவாத்தமாலாவின் தடயவியல் மானிடவியல் அறக்கட்டளையாக இயங்குகிறது. குழியின் ஓரத்தில் ஊரே நின்று பார்த்திருக்க, மண்ணைத் தூரிகையால் விலக்குவார்கள். எலும்போடு ஒட்டிய துணியின் நெசவைப் பார்த்து, இறந்த பெண் எந்த ஊர்க்காரர் என்று நிற்கும் பெண்கள் சொல்லிவிடுவதுண்டு. மாயா பெண்களின் மேலாடையில் ஊருக்கு ஊர் பின்னல் வேறுபடும். உறவினரின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த டிஎன்ஏ, எலும்பின் டிஎன்ஏவோடு ஒப்பிடப்படும். ஒத்துப்போனால் அந்த எலும்புகள் சிறிய பெட்டியில் வீட்டுக்குத் திரும்பும். கோபான் நகரின் ராணுவ முகாமில் 2012 முதல் நடந்த அகழ்வில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன.

2005 ஜூலையில், வெடிமருந்துச் சேமிப்பு பற்றிய புகாரை ஆய்வுசெய்யச் சென்ற மனித உரிமைக் காப்பாளர் அலுவலகத்தினர், தலைநகரின் ஒரு போலீஸ் வளாகத்தில் தேசியப் போலீஸின் பழைய ஆவணக் குவியலைக் கண்டனர். அறைஅறையாக, தரையிலிருந்து கூரைவரை, ஈரமும் எலியும் தின்ற நிலையில் சுமார் எட்டுக் கோடிப் பக்கங்கள். ஸ்வீடன், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளின் நிதியுதவியோடு அவை தூசிதட்டி, ஒழுங்குபடுத்தி, மின்னாக்கம் செய்யப்பட்டன. படிகள் சுவிட்சர்லாந்தில் பாதுகாக்கப்பட்டன. 2011இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் ஏற்றியது. 1984இல் காணாமலாக்கப்பட்ட மாணவர், தொழிற்சங்கத் தலைவர் ஃபெர்னாந்தோ கார்சியாவின் வழக்கில், அந்த ஆவணங்களைக் கொண்டே 2010இல் போலீஸார் இருவருக்குத் தலா 40 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அவர் நினெத் மொந்தெனெக்ரோவின் கணவர்.

நீதிமன்றங்களின் பங்கு

1990இல் இடம்பெயர்ந்தோரைப் பற்றி ஆராய்ந்த மானிடவியலாளர் மிர்னா மாக் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய சகோதரி ஹெலன் மாக் விடாமல் போராடியதால் கொன்ற ராணுவச் சார்ஜென்ட் தண்டிக்கப்பட்டார். 2003இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான நீதிமன்றம் குவாத்தமாலா அரசையே பொறுப்பாக்கியது. 2004இல், போர்க்காலத்தில் பிளான் தே சான்செஸ் கிராமத்தில் நடந்த படுகொலை பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம், இழப்பீட்டோடு நில்லாமல், தீர்ப்பை அந்த ஊர்மக்களின் ஆச்சி மொழியில் மொழிபெயர்த்துத் தரவும் ஆணையிட்டது.

2013 மே 10 அன்று, மாயா இனத்தின் இக்சில் மக்கள் 1,771 பேரின் கொலைக்காக ரியோஸ் மொன்ட்டுக்கு இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் ஆகியவற்றில் மொத்தம் 80 ஆண்டு சிறை விதித்தது நீதிபதி யாஸ்மின் பார்ரியோஸ் தலைமையிலான அமர்வு. முன்னாள் ஆட்சித்தலைவர் ஒருவரை அவரது சொந்த நாட்டு நீதிமன்றம் இனப்படுகொலைக்காகத் தண்டித்தது வரலாற்றில் அபூர்வம். பத்தே நாளில் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பை ரத்துசெய்தது. ஆனால் இக்சில் மூதாட்டிகள் நீதிமன்றத்தில் நின்று சொன்ன சாட்சியத்தை எந்த நீதிமன்றமும் ரத்துசெய்ய இயலாது. 2016இல் செப்பூர் சார்கோ வழக்கில், கெக்சி இனப் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்ததற்காக முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவரும் துணைப்படை ஆணையர் ஒருவரும் தண்டிக்கப்பட்டனர்.

சிசிக்: 2007–2019

போர் முடிந்த பின்னும் உளவுப்படை, போதைக் கடத்தல், அரசியல் ஆகியன கைகோத்த மறைமுகக் கூட்டங்கள் அழியவில்லை. அவற்றை ஒழிக்கக் குவாத்தமாலாவின் உரிமை அமைப்புகள் கேட்டதன் பேரில், 2006 டிசம்பரில் ஐ.நா.வுடன் உடன்பாடு கையெழுத்தானது. சிசிக் என்ற பன்னாட்டு ஆணையம் 2007இல் பணியைத் தொடங்கியது. அது தானே தீர்ப்பு வழங்கவில்லை. உள்நாட்டு அரசு வழக்கறிஞர்களுடன் ஒரே மேசையில் அமர்ந்து விசாரித்தது, அவர்களைப் பயிற்றியது. செலவு முழுவதும் வெளிநாடுகளின் நன்கொடை.

கொலம்பிய நீதிபதி இவான் வெலாஸ்கெஸ் தலைமையேற்றிருந்தபோது, 2015 ஏப்ரலில் சுங்கத்துறை லஞ்சக் கும்பல் அம்பலமானது. ஆயிரக்கணக்கானோர் சனிக்கிழமைதோறும் தலைநகர் சதுக்கத்தில் கூடினர். மே மாதம் துணை அதிபரும் செப்டம்பரில் அதிபர் ஓட்டோ பெரெஸ் மொலினாவும் பதவி விலகினர். பின்னர் தேர்தலில் வென்று அதிபரான ஜிம்மி மொராலஸ், தம்மையும் குடும்பத்தாரையும் விசாரணை நெருங்கியதும் ஆணையத்தின்மேல் பாய்ந்தார். அமெரிக்காவின் ஆதரவும் அவ்வேளையில் தளர்ந்தது. 2019 செப்டம்பரில் சிசிக் மூடப்பட்டது.

பிந்தைய நிலை

சிசிக்குடன் பணியாற்றிய வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் வேட்டையாடப்பட்டனர். ஊழல் ஒழிப்பு வழக்குப் பிரிவின் தலைவர் ஹுவான் ஃப்ரான்சிஸ்கோ சந்தோவால் 2021இல் பதவிநீக்கப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். அவரைப்போல் பலர் இன்று புலம்பெயர்ந்து வாழ்கின்றனர்.

2023 ஆகஸ்டில் பெர்னார்தோ ஆரெவாலோ அதிபர் தேர்தலில் வென்றபோது, அந்த முடிவைக் குலைக்க அரசு வழக்கறிஞர் துறையே முனைந்தது. அக்டோபரில் தொத்தோனிக்கப்பானின் 48 கந்தோன்கள் என்ற பழங்குடி அமைப்பு உள்ளிட்டோர் நாடெங்கும் சாலைகளை மறித்தனர். அமெரிக்க நாடுகள் அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியமும் வெளிப்படையாகக் கண்டித்தன. அமெரிக்கா நூற்றுக்கும் மேற்பட்ட காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு விசா கட்டுப்பாடு விதித்தது. 2024 ஜனவரி 15 அதிகாலையில் ஆரெவாலோ பதவியேற்றார்.

மதிப்பீடு

இந்த நெடிய வரலாற்றில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. அரசின் சம்மதத்தை மட்டும் நம்பிய ஏற்பாடுகளை அரசு சினந்த நாளில் அகற்றிவிட முடிந்தது. சிசிக் அதற்குச் சான்று. உள்நாட்டவரின் கையில் திறமையாகவும் சான்றாகவும் சேர்ந்தவை அகற்ற முடியாதவையாக நின்றன: எலும்பைப் படிக்கக் கற்ற இளைஞர்கள், படியெடுத்துப் பல இடங்களில் வைத்த ஆவணங்கள், நீதிமன்றத்தில் மூதாட்டிகள் சொன்ன சாட்சியம்.

வெளிநாட்டு ஆதரவு எப்போதும் பின்னால் வந்தது. முதலில் தெருவில் இறங்கியவர்கள் கணவனைத் தேடிய பெண்கள், அக்காவுக்காக வழக்காடிய தங்கை, சாலையில் அமர்ந்த பழங்குடி மக்கள். அவர்கள் கேட்டதைக் கேட்ட நேரத்தில், கேட்ட அளவில் கொடுத்தபோது உலகத்தின் உதவி உயிரைக் காத்தது. வல்லரசுகள் தம் அரசியல் கணக்கைப் பார்த்துத் தாமதித்தபோது கிராமங்கள் எரிந்தன. போரால் புண்பட்ட வேறெந்த நாட்டுக்குத் துணைநிற்க நினைப்பவர்களும் அந்நாட்டில் ஏற்கெனவே எழுந்து நிற்பவர் யார் என்று விசாரித்து, அவர் பக்கத்தில் போய் நின்று வேலையைத் தொடங்க வேண்டும் என்பதே குவாத்தமாலா தரும் பாடம்.