நெய்வேலிப் பெஞ்சு

‘டாப் பெஞ்சில் டூட்டி’ என்று நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளி சொன்னால், வெளியூர்க்காரருக்கு வகுப்பறைப் பலகைதான் கண்ணில் தோன்றும். தொழிலாளி சொல்வதோ கனரக எந்திரங்கள் நின்று வேலை செய்யும் மண் படியை.

நெய்வேலியில் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம். லிக்னைட் எனும் பழுப்பு நிலக்கரிக்கு மேலே பல இடங்களில் 50 மீட்டருக்கும் அதிகமாக மணலும் களிமண்ணும் மணற்பாறையும் கிடக்கின்றன. ஒரே செங்குத்தாக வெட்டினால் சரிந்துவிடும். ஆகவே படிப்படியாக இறங்குகிறார்கள். ஒவ்வொரு படியும் ஒரு பெஞ்சு: டாப், மிடில், பாட்டம், அடியில் லிக்னைட் பெஞ்சு. ராட்சதச் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய எந்திரம் மண்ணை அரிந்தெடுக்க, கன்வேயர் பெல்ட் அதை அள்ளிப் போகிறது. வெட்ட வெட்டப் படிகள் முன்னே நகரும்; கரி எடுத்த பள்ளத்தை மேல்மண்ணே நிரப்பும். கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இடைவிடாமல் இறைக்காவிட்டால் அடிப் பெஞ்சே பொத்துக்கொண்டு மேலெழும்பும். 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் கரி கண்ணில் பட்டது 1961இல்தான். அதுவரை வெட்டியதெல்லாம் வெறும் மண்!

நீள இருக்கையைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லின் வழியில் வந்தது ஆங்கில பெஞ்சு. நீதிபதி அமரும் ஆசனத்தைக் குறித்து, பிறகு நீதிபதிகளையே குறித்தது. 2004இல் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை வந்ததும் ‘மதுரை பெஞ்சு’ நம் செய்தித்தாள்களில் நிலைத்தது. இருக்கை போலத் தட்டையாக நீளும் நிலத்துக்கும் அதே பெயர் ஏற்பட, சுரங்கத் தொழில் அதை எடுத்துக்கொண்டது. ஐ.டி. கம்பெனியில் பிராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பவரும் இன்று ‘பெஞ்சில்’ இருக்கிறார்.

அந்த ஜெர்மானிய வேர் இத்தாலிக்குப் போய்க் காசு மாற்றுவோரின் மேசையாகி, பேங்க் ஆனது. போர்த்துகீசியரின் ‘பாங்கோ’ தமிழில் ‘வாங்கு’ ஆனது. இலங்கைத் தமிழர் இன்றும் வாங்கில்தான் உட்காருகிறார்கள். ஆக, ஒரே வேர் மூன்று வாசல் வழியாக நம் மொழிக்குள் வந்திருக்கிறது.

இவற்றுள் நெய்வேலிப் பொருள்தான் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. தமிழ் மண்ணைத் தமிழ்த் தொழிலாளிகள் வெட்டி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழங்கி, தமக்கென ஆக்கிக்கொண்ட பொருள் அது. அகராதி தொகுப்பவர்கள் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிகளைத் தேடிப் போய்க் கேட்டு, பெஞ்சு என்ற சொல்லின் கீழ் அதையும் பதிய வேண்டும்.