நெத்தலி

இலங்கையின் கரைக்கடலிலும் களப்புகளிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் கூட்டங்கூட்டமாகத் திரியும் சிறு மீன். ஒரு விரல் நீளம் இருந்தாலே பெரிய நெத்தலிதான். உடல் கண்ணாடி போன்றது. செவுளிலிருந்து வால்வரை வெள்ளிப் பட்டையொன்று ஓடும். சிங்களத்தில் ஹால்மெஸ்ஸா. கொழும்பில் பலர் சொல்லும் 'ஸ்பிராட்ஸ்' பொருந்தாத பெயர். உண்மையான ஸ்பிராட் ஐரோப்பியக் கடலில் வாழ்வது. அது நம் சூடை, கீரி மீன்களுக்குக் கிட்டிய சொந்தம், நெத்தலிக்குத் தூரத்து உறவு.

சந்தையில் நெத்தலி ஒன்றே ஒன்றுதான். ஆய்வாளருக்கோ அது இரண்டு பேரினங்களுக்குள் அடங்கும் பல மீன்கள். உவர்நீருக்குள் துணிந்து நுழைவது ஸ்டோலெஃபோரஸ். திறந்த கடலை விரும்புவது என்கிராசிகோலினா.

பெயர் வந்த கதை சுவையானது. 1803இல் பிரெஞ்சு இயற்கையியலர் லாசெபேட் ஸ்டோலெஃபோரஸ் என்ற பெயரைச் சூட்டினார். 'மேலாடை அணிந்தது' என்பது அதன் கிரேக்கப் பொருள். வெள்ளிப் பட்டையே அந்த ஆடை. அப்போது அவர் விவரித்த மீன்களில் ஒன்று கொமெர்சன் என்ற தாவரவியலரின் பெயரைப் பெற்றது. 1773இல் மொரீசியசில் இறந்துபோன கொமெர்சனின் குறிப்புகளையே லாசெபேட் பயன்படுத்தினார். அந்த மீன் நமது களப்புகளுக்கும் வரும்.

அதே வெள்ளிப் பட்டைதான் அறிஞர்களையும் ஏமாற்றியது. அதெரினா என்ற பேரினத்து மீன்களும் சிறியவை, கூட்டமாக ஓடுபவை, உவர்நீரில் வாழ்பவை, பட்டை உடையவை. 1782இல் ஒல்லாந்தரான ஹௌட்டைன் யப்பானிய மீனொன்றை அதெரினா என்றே எழுதினார். 1790இல் மருத்துவர் ஜோன் வைட் சிட்னியில் கண்ட அவுஸ்திரேலிய நெத்தலிக்கும் அதே பெயரைக் கொடுத்தார். முதுகைப் பார்த்திருந்தால் போதும்: அதெரினாவுக்கு முதுகில் இரண்டு துடுப்புகள், நெத்தலிக்கு ஒன்றே. வாயும் வேறு. அதெரினாவின் வாய் சிறியது, மேல்நோக்கியது. நெத்தலியின் வாய் கண்ணுக்கும் பின்னால்வரை பிளந்திருக்க, மூக்கு அதற்கு மேலே துருத்தி நிற்கும். முழுமையான தொகுப்புகள் வந்ததோ வெகு பின்னர். இலங்கைக் கடல், நன்னீர் மீன்கள் அனைத்தையும் ஒரே நூலில் தொகுத்த மீனியலர் மன்றோவின் வேலை 1955இல் வந்தது. உலக நெத்தலி இனங்களின் விரிவான பட்டியல் 1988இல்தான்.

கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, களனி கங்கை கடலோடு சேரும் பக்கத்துக்கு முகத்துவாரம் என்றே பெயர். காக்கைதீவும் மட்டக்குளியும் அருகில். அதற்கு வடக்கே நீர்கொழும்புக் களப்பு. சோழகம் ஓய்ந்து கடல் அடங்கியபின் மேற்குக் கரையில் கரைவலை இழுப்பார்கள். பிடிபடுவதில் நெத்தலி முக்கியமானது. கொழும்பின் மொத்த மீன் வியாபாரம் புறக்கோட்டை சென் ஜோன்ஸ் சந்தையிலிருந்து 2011இல் பேலியகொடைக்கு மாறியது. 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, யூனில் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. நீர்கொழும்புப் பகுதியில் மீன்பிடிக்கவும் தடை வந்தது. மிதவையுயிர்களைத் தின்று வாழும் இந்த மீனுக்கு அந்த மணிகள் எவ்வளவு நெருக்கமான ஆபத்து என்பதை அப்போது நகரத்தார் அதிகம் பேசவில்லை. மீன் வாங்கலாமா கூடாதா என்பதே பேச்சாயிருந்தது.

வெள்ளவத்தைக் கடைகளில் காய்ந்த நெத்தலியே அதிகம். அதில் பெரும்பகுதி தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து வருவது. பச்சை நெத்தலிக்குக் கத்தி வேண்டாம்: தலையை நுள்ளினால் குடலும் கூடவே வரும். காய்ந்ததை எண்ணெயில் பொரித்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்துப் பிரட்டினால் சோற்றுக்கும் பாணுக்கும் ஆகும். முள்ளோடு தின்பதே வழக்கம்.