உப்பும் வெல்லமும்: வங்காளதேசத்து வளர்ச்சிப் பணியில் கற்றலின் இடம்

நாட்டு வளர்ச்சிப் பணியின் வரலாற்றை வரைவோர் பலரும் அதனை, அறிந்தார் அறியாதார்க்கு அறிவுறுத்திய செய்தியாகவே கூறிச் செல்வர். வங்காளதேசத்தில் வயிற்றுப்போக்குக்குரிய மருந்து வீடுதோறும் சென்ற வரலாறு அக்கூற்றுக்கு இணங்குவதன்று.

மருந்து முன்னரே காணப்பட்டிருந்தது. உப்பும் சர்க்கரையும் உரிய அளவிற் கலந்த நீரைப் பருகுவித்தால், குருதிக்குழாய்வழி ஏற்றும் நீரின் தேவையைப் பெரிதும் குறைக்கலாம் என்பதை 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் ஆகியோர் நிறுவினர். 1971-இல், போரினால் வங்க எல்லையைக் கடந்து வந்த அகதிகளின் முகாமொன்றில் திலீப் மகலனாபிசு இம்முறையைக் கையாண்டார். நூற்றுக்கு 30 அளவினதாக இருந்த சாவு 4-க்கும் கீழ் இறங்கிற்று. ஆயினும் ஊர்ப்புறத்துத் தாயர் இதனை அறிந்திலர்.

1972-இல் ஃபசுலே ஹசன் ஆபெத் தோற்றுவித்த ‘பிராக்’ என்னும் அமைப்பு 1980-இல் இப்பணியை விரிவாகத் தொடங்கிற்று. மூவிரற் சிட்டிகை உப்பு, ஒரு கை வெல்லம், அரைச் சேர் நீர் என்பதே அவர்கள் கண்ட அளவை. உப்பு மிகுமாயின் மருந்தே தீங்காகும். ஆதலின் தாயர் கலந்த கரைசல்களுட் சில ஆய்வுக்கூடத்திற் சோதிக்கப்பட்டன. கற்பிக்கும் பெண்களுக்கு ஊதியமோ, அவர்கள் எத்தனை வீடு சென்றனர் என்பதைக் கொண்டன்று, தாயர் எத்துணை நினைவிற் கொண்டனர் என்பதைக் கொண்டே வழங்கப்பட்டது. ஆசிரியத் தொழிலில் உள்ளார்க்கு இவ்விதி சற்று அச்சந் தருவதே!

இத்துணையும் செய்தும், நோயுற்றபோது கரைசலைக் கொடுத்த தாயர் சிலரே. நினைவு வேறு, நம்பிக்கை வேறு என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று. காரணம் தேடியவர்கள் கண்டது யாது? கற்பித்த பெண்களே தம் நோய்க்கு அதனைப் பருகவில்லை. இல்லத்து ஆடவரிடம் எவரும் ஒருசொல்லும் கூறவில்லை. பிழை தாயரின் அறியாமையில் இல்லை. கற்பித்தார் பக்கமே இருந்தது. இதனை ஏற்றுக்கொண்டமையே அவ்வியக்கத்தின் தலையாய செயல் என்பது எம் துணிபு. பணியாளர் டாக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, கரைசல் உயிர்மீட்பதைக் கண்ணாரக் கண்டனர். பின்னர் ஊரார் முன் தாமே பருகிக் காட்டினர். ஆடவரிடம் சந்தையிலும் பள்ளிவாசலிலும் பேசினர். பத்தாக இருந்த பாடச் செய்திகளும் ஏழாகச் சுருக்கப்பட்டன.

1990-க்குள் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட இல்லங்களில் இப்பாடம் நடந்தது. அவ்வில்லங்களின் தாயருட் பெரும்பாலார் எழுத்தறியாதவர்.